கடைசியாகக் குதிப்பவர்கள்

சண்டை போடுவதற்கென்றே ஒருத்தி காலையில் குளித்துத் தலைவாரிக் கிளம்பினாள் என்றால் நம்புவீர்களா? கத்தரி அன்றைக்கு அப்படித்தான் கிளம்பினாள். அதுவும் யாரோடு? உலகத்திலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்த ஆளோடு. அண்ணியோடு.

கத்தரி என்பது பட்டப்பெயர். கடைவீதியில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விமானத்திலிருந்து குதிக்கிறாள். குதிக்கிற மைதானத்தில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது, பிழைப்புக்கு என்ன செய்கிறோமோ அதுதான் பேர். அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் அங்கே அவள் டீச்சர். மைதானத்தை நடத்துகிற பெரியவருக்கு மட்டும் மீசை என்று பேர். அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

காரை அண்ணன் ஓட்டினார். பக்கத்தில் அண்ணி. பின்சீட்டில் கத்தரி, இரண்டு பாராசூட் பைகளோடு. ஊர் எல்லையைத் தாண்டும்வரை சண்டைக்கு ஒரு காரணமும் கிடைக்காமல் தவித்தாள். நல்லவேளையாக அண்ணியே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"பிளாஸ்க் மூடியை நல்லா திருகலையா நீ? சீட்டெல்லாம் காபி."

"ஆமா, எனக்கு மூடி திருகக்கூடத் தெரியாது. கிளாஸ் எடுங்க, கத்துக்கறேன்."

அண்ணி சிரித்தாள். "காலங்காத்தால யார்கிட்ட கோபம்?"

"சிரிக்காதீங்க அண்ணி. எப்பப் பாரு எல்லாத்துக்கும் ஒரு குறை. என் பிளாஸ்க், என் துணி, என் பை. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. இனிமே என் பையை நீங்க தொட வேண்டாம். நான் வேற யாரையாவது வச்சு பார்த்துக்கறேன்."

அண்ணன் கண்ணாடியில் தங்கையைப் பார்த்தார். "ஆரம்பிச்சாச்சா? நான் வேணா இறங்கி நடந்து வரட்டா?"

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள் அண்ணி. குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணி லேசுப்பட்டவள் இல்லை, பாதிக் கோபத்துக்கெல்லாம் அவள் விலகிப் போக மாட்டாள் என்று கத்தரிக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "இத்தனை வருஷமா என் வாலைப் பிடிச்சுக்கிட்டே குதிச்சீங்க. நான் இல்லாட்டி உங்களை அங்க யாரு சீந்தியிருப்பா?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காது மடல் சிவந்திருந்ததைக் கத்தரி பின்னாலிருந்து பார்த்தாள். வேலை முடிந்தது. தன் கன்னத்தில் தானே நாலு அறை அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

ஏன் இந்த வம்பு? அவள் வலது கையில்தான் விஷயம் இருக்கிறது.

சில மாதங்களாகவே அந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதலில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. அப்புறம் ஒருநாள், கல்யாணத்துக்கு முடி வெட்டிக்கொள்ள வந்த பெண்ணின் தோளில் கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. அந்தப் பெண் அலறிய அலறலில் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம், ஆனால் போன பிடி அப்படியே திரும்பி வரும் என்று கை அடித்துச் சொல்ல முடியாது என்றார். "கனமா எதையும் தூக்காதீங்க. குலுங்குற வண்டியில போகாதீங்க" என்றவரிடம், விமானத்திலிருந்து குதிக்கலாமா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. போன முறை குதித்தபோதுதான் குட்டு வெளிப்பட இருந்தது. பாராசூட் பையின் அடியில், வலது இடுப்புக்குப் பின்னால், ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்து இழுத்துக் காற்றில் வீச வேண்டும். அதோடு சேர்ந்து ஒரு சின்னக் குடை வெளியே போகும், அந்தச் சின்னக் குடை பெரிய குடையை இழுத்து விரிக்கும். அன்றைக்கு அவள் கை போய்க் கைப்பிடியைத் தொட்டது, ஆனால் விரல்கள் மூடவில்லை. மறுபடி முயன்றாள், நழுவியது. பூமி வருகிறது. மூன்றாவது தடவை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளி எப்படியோ வீசிவிட்டாள்.

கீழே வந்ததும் மீசை எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்றார். "இவ்வளவு தாழ்வாவா திறக்கிறது? என்ன பண்ணிட்டிருந்த மேல?"

"உயரம் பார்க்க மறந்துட்டேன் சார்" என்றாள்.

அந்த மைதானத்தில் அதைவிடக் கேவலமான குற்றம் கிடையாது. புதிதாக வருகிறவன்கூட அப்படிச் சொல்லக் கூசுவான். அத்தனை பேர் முன்னாலும் திட்டு வாங்கி, அன்றைக்கு முழுக்க உட்கார வைக்கப்பட்டு, கற்றுக்குட்டிகளோடு சேர்ந்து மறுபடியும் பாடம் கேட்டாள். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு நிஜத்தை மறைத்தாள். மறந்தவளை மன்னிப்பார்கள், விரல் மூடாதவளை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

அப்புறம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கைப்பிடியில் ஒரு நாடா வளையம் தைத்தாள். விரல்கள் மூடாவிட்டால் என்ன, வளையத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாமே. கறுப்பு நாடா, கறுப்பு நூல், உள்ளே மடித்துச் செருகினால் வெளியே தெரியாது. அது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். வளையம் விரலை விட்டுக் கழலாவிட்டால் சின்னக் குடை கையோடு தொங்கும், பெரிய குடை பாதி வந்து நிற்கும், அவசரக் குடையைத் திறந்தாலும் அதிலேயே சுற்றிக்கொள்ளும். தெரிந்தேதான் தைத்தாள்.

ஆனால் விமானம் ஏறுமுன் ஒருவர் பையை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். தன் முதுகு தன் கண்ணுக்குத் தெரியாதே! பார்த்துவிட்டு "சரி" என்று சொன்னால்தான் ஏறலாம், சொல்லாவிட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அவளுக்கு எப்போதும் அண்ணிதான் பார்ப்பாள். அண்ணி விரலுக்கு எதுவும் தப்பாது. அதனால்தான் இந்தச் சண்டை.

மைதானத்தில் இறங்கியதும் அண்ணி தன் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கத்தரி கொட்டகைக்குப் போய், போன மாதம் சேர்ந்த ஒரு நெட்டை ஆளைப் பிடித்தாள். பேங்க்கில் வேலை, அதனால் கேஷியர். அவருக்குக் கூச்ச சுபாவம். பெண்பிள்ளை பையைத் தடவிப் பார்ப்பதா என்று நெளிந்து, மேலோட்டமாக இரண்டு தட்டு தட்டி, "சரிங்க மேடம்" என்றார்.

ஆக, ஏறியாயிற்று.

அந்தக் குட்டி விமானத்தில் இருக்கையே கிடையாது. எல்லோரும் வாலைப் பார்த்துத் தரையில் உட்கார வேண்டும், ஒருவர் கால்களுக்கு நடுவில் இன்னொருவர், சின்னப்பிள்ளைகள் ரயில் விளையாட்டு விளையாடுகிற மாதிரி. கடைசியாகக் குதிப்பவர்கள் முதலில் ஏறி உள்ளே போய்விடுவார்கள். இத்தனை வருஷமாகக் கடைசியாகக் குதிப்பவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். அண்ணி விமானியின் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் கத்தரி. கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடம் அதுதான். அண்ணியின் முழங்கால்கள் இரண்டு பக்கமும் அவளை இடித்தன.

விமானம் கிளம்பியது. ஜன்னலில் கொட்டகையின் தகரக் கூரை சாய்ந்து விலகியது. பெட்ரோல் வாசனை, புல் வாசனை, நைலான் துணி வாசனை. அந்த வாசனைதான் அவளை எங்கேயோ இழுத்துக்கொண்டு போயிற்று.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. குளியலறைக்கு யார் முதலில் போவது என்பதில் தொடங்கி, டிவி ரிமோட் யார் கையில் என்பது வரை நித்தம் ஒரு பஞ்சாயத்து. அப்போதுதான் அண்ணன் ஆபீஸ் விழாவில் குலுக்கலில் பரிசு விழுந்தது: பாராசூட்டில் குதிக்க இரண்டு பேருக்கு இலவசப் பயிற்சி. பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறினாலே அண்ணனுக்குத் தலை சுற்றும். "எனக்குப் பதிலா நீ போயேன்" என்று தங்கை தலையில் கட்டினார். புது மருமகள் போகிறாள், தான் பின்வாங்கினால் மானம் போகுமே என்று கத்தரி கிளம்பினாள். அவள் போகிறாள், தான் பின்வாங்கினால் மானம் போகுமே என்று அண்ணி கிளம்பினாள். இப்படி வீம்புக்கென்றே போய்ச் சேர்ந்தார்கள் இருவரும்.

அந்தக் காலத்தில் மீசைக்கு மீசை கறுப்பு. முதல் நாள் முழுக்க மேஜைமேல் ஏற்றிக் குதிக்க வைத்தார். முழங்காலைச் சேர்த்து வை, விழுந்து உருளு, மறுபடி ஏறு. சாயங்காலம் உடம்பெல்லாம் புழுதி, இடுப்பு கழன்று போயிற்று. மறுநாள் விமானம். புதியவர்களுக்கு ஒரு கயிறு, ஒரு முனை விமானத்தில் கட்டியிருக்கும், குதித்தால் அதுவே பையைத் திறந்துவிடும். கதவு திறந்ததும் கத்தரி அந்தக் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அண்ணியின் முறை முதலில். வாசலில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கப் போட்டவள் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்: "நான் திரும்பி வரலைன்னா ரிமோட்டை நீயே வச்சுக்கோ!" அடுத்த நொடி அங்கே ஆள் இல்லை.

கத்தரி எப்படிக் குதித்தாள் என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை. குடை விரிந்த பிறகு வந்த நிசப்தம்தான் ஞாபகம். அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு அப்படி ஓர் அமைதி, தன் மூச்சு தனக்குக் கேட்கும்படி. அந்த அமைதிக்குள் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணி தன் குடையில் தொங்கியபடி, பயத்தில், பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தரி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, தரை எங்கே என்று தெரியாமல் தொப்பென்று விழுந்தாள். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் ரிமோட் சண்டை இல்லை. "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு இருந்தவரைக்கும் நான் ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்கினேன்" என்று அண்ணன் இன்றைக்கும் புலம்புவார்.

கயிறு இல்லாமல் தானாகவே விழுந்த முதல் தடவை, சொல்லிக் கொடுத்த எல்லாம் மறந்து, "வயிற்றை முன்னால் தள்ளு" என்பது மட்டும் மிச்சம் இருந்தது. விழுகிற மாதிரியே இல்லை என்பதுதான் ஆச்சரியம். காற்று ஒரு மெத்தை மாதிரி கீழிருந்து தாங்கியது. வாயைத் திறந்து சிரித்ததில் பல்லெல்லாம் காய்ந்துபோயிற்று. அப்புறம் என்னென்ன வருஷங்கள்! கொட்டகையில் நீள விரிப்பின் மேல் குடையைப் பரப்பி, காற்றுப் போக அதன் மேல் குப்புறப் படுத்து, அடம்பிடிக்கிற குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி அமுக்கி அமுக்கி மடித்த மத்தியானங்கள். ஒருமுறை காற்று தூக்கிக்கொண்டு போய், அண்ணி யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் துணி காயும் கொடிமேல் இறங்கினாள். தோளில் முன்பின் தெரியாதவர் வேட்டியோடு திரும்பி நடந்து வந்தாள். "கடைக்குப் போயிருந்தீங்களா டீச்சர்?" என்று மைதானமே கேட்டது.

எல்லாவற்றிலும் மேலாக ஒரு காலை. கீழே வெள்ளை வெளேரென்று மேகம், முதுகுக்குப் பின்னால் சூரியன். இரண்டு பேரும் கையைக் கோத்து விழுந்தபோது மேகத்தின் மேல் அவர்கள் நிழல் தெரிந்தது, அதைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். கிட்டப் போகப் போக நிழல் வளர்ந்தது, வானவில்லும் கூடவே வந்தது. அதன் நடுவிலேயே போய் விழுந்தார்கள். தரையில் இறங்கி அண்ணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கத்தரிக்கு அதுபோல ஒரு சந்தோஷம் வேறெதிலும் கிடைத்ததில்லை. கிடைக்க வேண்டும் என்று அவள் தேடவும் இல்லை.

இதையெல்லாம் விட்டுவிடு என்றால் எப்படி விடுவது? கழுத்தில் ஒரு நரம்புக்காகவா?

முதுகில் ஏதோ அசைந்தது. கத்தரி விறைத்தாள். அண்ணியின் கை.

உயரம் வந்துவிட்டால், கதவு திறக்குமுன், பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் பையை இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பதும் அங்கே வழக்கம்தான். ஆனால் இவ்வளவு பேச்சு கேட்ட பிறகும் பார்ப்பாளா? பார்த்தாள். கோபம் கோபமாக இருக்கட்டும், கடமை கடமை. அதுதான் டீச்சர். தோள்பட்டை வார், மேல் மடிப்பு, பையைப் பூட்டி வைக்கிற ஊசி, கீழே கைப்பிடி. அங்கே விரல் நின்றது. வளையத்தை நெம்பி வெளியே எடுத்தது. கத்தரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணி வாயை அவள் காதருகே கொண்டுவந்தாள். "இது என்ன?"

"சும்மா. பிடிக்க வசதியா இருக்கும்னு."

"யாருக்குக் காது குத்தற?"

விளக்கு பச்சையானது. கதவைச் சுருட்டி மேலே தள்ளினார்கள். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. கேஷியர் போனார், அவருக்குப் பின் மூன்று பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். இடம் காலியானது. கத்தரி முழங்காலிட்டு வாசலை நோக்கி நகர்ந்தாள். நகர முடியவில்லை. அண்ணி பின்னாலிருந்து அவள் பையின் வாரை முஷ்டியில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"விடுங்க அண்ணி!"

"கையைக் கொடு."

"நேரமாகுது, விடுங்க!"

"வலது கை. கொடு." அண்ணி அவளைத் திருப்பி, தன் இரண்டு விரல்களை அவள் உள்ளங்கையில் வைத்தாள். "அழுத்து."

கத்தரி அழுத்தினாள். முகம் சுளிய, கழுத்து நரம்பு புடைக்க அழுத்தினாள். அண்ணி அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?"

கத்தரி கையை இழுத்துக்கொண்டாள்.

"அதான் கொஞ்ச நாளா மேல கை கோக்கறப்ப இடது கையை நீட்டினியா? போன வாரம் உயரம் மறந்துட்டேன்னு சொன்னதும் பொய்யா?" அண்ணியின் முகம் கோணியது. அழுகிறாளா, குளிரா என்று தெரியவில்லை. "காலையில பேசினியே, அதுவும் இதுக்குத்தானா?"

"ஒரே ஒரு தடவை அண்ணி. இன்னிக்கு மட்டும். கடைசியா ஒரு தடவை."

"அதை உங்கண்ணன்கிட்ட போய் நான் எப்படிச் சொல்றது? கடைசியா ஒரு தடவைன்னு கேட்டா, அதான் விட்டேன்னு சொல்லவா?"

விமானி திரும்பிப் பார்த்தார். "போறீங்களா, இல்லையா? மைதானம் தாண்டிடும்!"

சட்டென்று அண்ணி வாரை விட்டாள். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "நான் பிடிச்சு வச்சா நீ நாளைக்கு வேற எங்கயாவது போய் ஏறுவ. உன்னை எனக்குத் தெரியாதா? கதவு திறந்திருக்கு. போறதுன்னா போ. இல்லேன்னா நீயே மூடு."

கத்தரி வாசலைப் பார்த்தாள். அழகான நாள். கீழே ஆறு ஒரு வெள்ளி ஜரிகை மாதிரி வளைந்து கிடந்தது. மேகத் துணுக்குகள். காற்று அவள் கன்னத்தைத் தட்டியது. இரண்டு அடி நகர்ந்தால் போதும். இத்தனை வருஷத்தில் அந்த வாசலில் நின்று ஒரு தடவைகூட அவள் யோசித்ததில்லை. வலது கை தானாகவே இடுப்புக்குப் பின்னால் போய் அந்த வளையத்தைத் தேடியது. விரல் உள்ளே நுழைந்தது. கழற்றிப் பார்த்தாள். உடனே கழலவில்லை. உதறினாள், அப்போதும் மாட்டிக்கொண்டுதான் இருந்தது. இடது கையால்தான் விடுவிக்க முடிந்தது.

அவள் இடது கையை உயர்த்திக் கதவைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. தோளைக் கொடுத்து அமுக்கி மூடினாள்.

உள்ளே திடீரென்று வெதுவெதுப்பாக இருந்தது. விமானம் மூக்கைத் தாழ்த்தியது. அவள் கதவில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள், சின்னப் பெண் மாதிரி, மூக்கு ஒழுக. அண்ணி எழுந்து வரவில்லை. தன் இடத்திலேயே உட்கார்ந்து அவளும் அழுதாள். விமானி இந்தப் பக்கமே திரும்பவில்லை.

கொஞ்ச தூரம் இறங்கிய பிறகு கத்தரி சொன்னாள்: "வாலைப் பிடிச்சுக்கிட்டுன்னு சொன்னேன்ல. மனசுல இருந்து சொல்லலை அண்ணி."

"தெரியும்டி. ஆனாலும் வலிச்சுது."

"நீங்க இந்த ட்ரிப்ல குதிச்சிருக்கலாமே. என்னால உங்களுக்கும் போச்சு."

"அடுத்த ட்ரிப்ல போறேன்" என்றாள் அண்ணி. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பையன்களுக்கு விடைத்தாள் கொடுக்கிற குரலில் சொன்னாள்: "இப்பவே சொல்லிடறேன். உனக்காக நானும் விட்டுடுவேன்னு நினைக்காதே. விட மாட்டேன். எனக்கு இது வேணும். முட்டி தாங்கற வரைக்கும் குதிப்பேன்."

கத்தரிக்கு நெஞ்சு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? "எனக்கு வயிறு எரியுது அண்ணி."

"எரியட்டும். என்ன பண்ணச் சொல்ற?"

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள், சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கும் வந்துவிட்டது. சக்கரம் தரையைத் தொடும்போது இரண்டு பேர் முகமும் பார்க்கச் சகிக்கவில்லை.

கத்தரி நேராக மீசையிடம் போய், கையை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அந்த வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், பிளேடு எடுத்து நூலை அறுத்தார், நாடாவைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தாள். "உட்காரு, காபி குடி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். அவர் திட்டாததுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த விமானத்தில் அண்ணி ஏறினாள். கத்தரி கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தாள். அண்ணன் காருக்குப் பக்கத்தில், மண்ணைப் பார்த்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் அவள் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

மேலே விமானச் சத்தம் தேய்ந்து நின்றது. கத்தரி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "குதிச்சுட்டாங்க போலண்ணா. அதோ புள்ளி புள்ளியா தெரியுதே. அண்ணி எதுண்ணா?"

"எனக்கென்ன தெரியும்?"

"இத்தனை வருஷமா பார்க்கற, தெரியாதா?"

"நான் எங்க பார்த்தேன்?" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமலே. "ஒரு நாளும் மேல பார்த்ததில்ல. என்னால முடியாது. கேன்டீன்காரர் இங்க வந்து நிப்பார். அவர் பார்த்துச் சொல்வார், நான் கேட்டுக்குவேன்."

கத்தரி அவரைப் பார்த்தாள். அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. கதை பேசுகிறார், காரில் தூங்குகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மேலே இருந்தபோது அவளுக்குப் பயம் வந்ததெல்லாம் முதல் சில வருஷங்கள்தான். இங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் பயம் வேறு மாதிரி இருந்தது. கையால் செய்ய ஒன்றுமே இல்லை.

"திறந்துடுச்சா?" என்றார் அண்ணன்.

"இன்னும் இல்லண்ணா."

"இப்ப?"

"இரு. இரு." புள்ளி விழுந்துகொண்டே இருந்தது. போதும் அண்ணி, திறங்க, போதும் என்று அவள் உதடு முணுமுணுத்தது. கடைசிப் புள்ளிக்கு மேலே மஞ்சளாக ஏதோ துடித்தது, உப்பியது, முழுசாக விரிந்தது. "திறந்துடுச்சுண்ணா! மஞ்சள்! அண்ணிதான்!"

அண்ணன் மூச்சை விட்டார். ஆனால் தலை நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே, பழக்கதோஷத்தில், அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இன்னொண்ணு?"

கத்தரி மஞ்சள் குடையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"இன்னொண்ணு இங்கதாண்ணா நிக்குது" என்றாள்.

அண்ணன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.